வரப்பு மேல விழுந்த நெல்லு

இன்னிக்கு நானும் என் மாமியாரும் பாண்டிச்சேரி பக்கத்துல இருக்கிற வில்லியனூர் மாதா கோவிலுக்குப் போயிட்டு வந்தோம். கடலூர்க்காரங்களுக்கு இதெல்லாம் ஒரு யாத்திரையே இல்ல, காலையில கிளம்பினா மதியம் சாப்பாட்டுக்கு வீடு வந்துடலாம், திருவிழாவுக்குன்னா பசங்க நடந்தே போயிடுவாங்க. ஆனா இந்த தடவ போன காரணம் வேற, வந்ததும் வேற மாதிரி, அதான் தூக்கம் வராம எழுதிட்டு இருக்கேன்.

எங்க பங்குக் கோவில்ல தவக்கால தியானத்துக்கு, அதான் ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்துல நடக்குறது, வர்ற வெள்ளிக்கிழமை நான் அரை மணி நேரம் பேசணும்னு பாதர் சொல்லிட்டாரு. தலைப்பு, இறைப்பணிக்கு உள்ளத்தைத் தயாரிக்கிறது. நான் 11 வருஷமா பூசையில பைபிள் வாசகம் வாசிக்கிறவ, மைக் ஒண்ணும் புதுசு இல்ல, அதனால பயமே வரல. ஒரு நோட்டு வாங்கி, நாலு பேர் பிரசங்கத்தை யூடியூப்ல கேட்டு, பாயிண்ட் பாயிண்ட்டா எழுதி, சிவப்பு பேனாவால அடிக்கோடெல்லாம் போட்டு முடிச்சாச்சு. பாக்கி மாதாகிட்ட காட்டி ஒரு ஆசீர்வாதம் வாங்குறதுதான். (ஹால் டிக்கெட்ட கோவில்ல வெச்சு எடுத்துட்டுப் போற பசங்கள பாத்து நான் சிரிச்சிருக்கேன், அதே வேலையதான் நானும் பண்ணேன்.)

பாகூர் வழி பஸ்லதான் ஏறணும்னு அத்தை ஒரே பிடிவாதம். அவங்க பொறந்த ஊரு. பெண்ணையாத்துப் பாலம் தாண்டினதுல இருந்து ஜன்னல விட்டுத் திரும்பவே இல்ல. பாதி கழனியில அறுத்த தாள் அப்படியே நிக்குது, ஒரு இடத்துல மட்டும் மோட்டார் தண்ணி விட்டு சேடை ஓட்டிட்டு இருந்தாங்க, டிராக்டர் பின்னாடி கொக்கு கூட்டம். அத்தை கேட்டாங்க, "என்னா பேசப் போற?"

"இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமை அத்தை. வழி, பாறை, முள்ளு, நல்ல மண்ணுன்னு நாலு வகை நெலம், நாலு வகை மனசு."

"அது சரி. அந்த ஆளு எதுக்கு வழியில போயி விதைச்சான்? எங்கப்பா இருந்திருந்தா நாலு சாத்து சாத்தியிருப்பாரு. வெத நெல்லு என்னா வெல."

"அத்தை, அது உவமை."

"உவமைதான், யாரு இல்லன்னா." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவங்களே, "வரப்பு மேல விழுந்தா மொளைக்காது, நெசந்தான். ஆனா வரப்பு என்னா தனி மண்ணா? கழனியில இருந்து வெட்டிப் போட்டதுதான் வரப்பு. தெனம் மிதிச்சு மிதிச்சு கெட்டியாப் போச்சு. மிதிக்கிறது யாரு, வெளியாளா? கழனிக்காரன்தான்."

நல்ல பாயிண்ட்டா இருக்கேன்னு நோட்டை எடுத்து குறிச்சிக்கிட்டேன். அவ்ளோதான் எனக்கு அப்ப தோணுச்சு. நல்ல பாயிண்ட்.

பாண்டியில இறங்கி மொதல்ல ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907ல கட்டி முடிச்ச கோவில், 2011ல பசிலிக்காவா, அதாவது போப்பாண்டவர் தனி மரியாதை குடுத்த கோவிலா உயர்த்தினாங்க. வாசலுக்கு மேல லத்தீன்ல ஒரு வசனம் செதுக்கியிருக்கும், 2 குறிப்பேடு 7:16, இந்த இடத்தை என் பேரு இருக்கிறதுக்காக புனிதமாக்கினேன்னு ஆண்டவர் சாலமோன்கிட்ட சொல்றது. சின்ன வயசுல இருந்து பாக்குறேன், ஆனா இன்னிக்குதான் வசனத்த முழுசா எடுத்துப் பாத்தேன், கல்லுல இருக்கிறது பாதிதான், அது என் கண்ணும் என் இருதயமும் எப்பவும் இங்கேயே இருக்கும்னு முடியுது. பேரு வரைக்கும் வாசல்ல எழுதிட்டு இருதயத்த உள்ள போயி பாருன்னு விட்டுட்டாங்க போல.

உள்ள பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் சாமியார்கிட்ட பாவத்த அறிக்கை பண்றதுக்கு, வரிசை. என்ன தப்பு பண்ணோம்னு ஆன்ம சோதனை பண்ண வேண்டிய நேரத்துல நான் தூண் எண்ணிட்டு இருந்தேன், 24. கலர் கண்ணாடி வழியா வெயில் ஒரு பாட்டியோட வெள்ள முக்காடுல செவப்பும் நீலமுமா விழுது, அதையும் பாத்தேன். என் முறை வந்ததும் வழக்கமான லிஸ்ட்ட ரெண்டு நிமிஷத்துல ஒப்பிச்சேன். கோபம், பொறணி, ஜெபத்துல பராக்கு. வயசான சாமியார். என்ன பணி பண்றீங்கன்னு கேட்டாரு, சொன்னேன்.

"வாசிக்கப் போறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"மைக் செக் பண்ணுவேன் பாதர்."

சிரிப்ப அடக்கிக்கிட்ட மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் சொன்னாரு, நற்செய்தி வாசிக்கப் போறதுக்கு முன்னாடி நாங்க பீடத்துக்கு முன்ன குனிஞ்சு மெதுவா ஒண்ணு சொல்லுவோம், கேட்டிருக்கீங்களா, என் உள்ளத்தையும் உதட்டையும் சுத்தமாக்கும்னு, உள்ளம்தான் மொதல்ல வரும் பாத்துக்கோங்கன்னு. 11 வருஷம் அதுக்கு ஆறடி தள்ளி நின்னிருக்கேன். தொண்டைய சரி பண்ணிக்கிறாருன்னு நெனச்சிருக்கேன்! பரிகாரமா பைபிள்ல எஸ்ரா ஆகமத்துல 7, 8 அதிகாரம் படிக்கச் சொன்னாரு. மூணு தடவ அருள் நிறை மரியே ஜெபம் சொன்னா போதும்னு எதிர்பாத்துப் போனவ நான்.

அங்க இருந்து விழுப்புரம் பஸ் ஏறி வில்லியனூர். ஒரு பத்து கிலோமீட்டர் இருக்கும். திருக்காமீஸ்வரர் கோவில் தேரும் மாதா தேரும் ஓடுற ஊரு. பிரான்ஸ்ல லூர்து நகர்ல பெர்னதெத்துக்கு மாதா காட்சி குடுத்தது 1858, இங்க மாதா சுரூபம் (சிலை) பிரான்ஸ்ல இருந்து வந்து சேர்ந்தது 1877, இருவது வருஷம் கூட ஆகல. கோவிலுக்கு முன்னாடி நம்ம ஊர் கோவில் மாதிரியே குளமும் படிக்கட்டும், லூர்து ஊத்துத் தண்ணிய கொண்டு வந்து இதுல ஊத்தினதா சொல்லுவாங்க.

நான் மெழுகுவர்த்தி வாங்கி நேரா உள்ள போக பாத்தேன். அத்தை குளத்துப் படியிலயே உக்காரப் போனாங்க, வெயில்ல படி கொதிக்குது, என் கையில இருந்த நோட்டை வாங்கி கீழ போட்டு அது மேல உக்காந்தாங்க. சிவப்பு அடிக்கோடு போட்ட நோட்டு.

"உள்ள வாங்க அத்தை, நேரமாவுது."

"இரும்மா. உடம்பு பஸ்ஸுல வந்துடுச்சு. மனசு இப்பதான் அரியாங்குப்பம் தாண்டுது. வரட்டும்."

வேற வழியில்லாம நானும் பக்கத்துல உக்காந்து போன்ல எஸ்ரா எடுத்தேன். எஸ்ரா வேதம் சொல்லிக் குடுக்கிற யூத குரு, பாபிலோன்ல இருந்து எருசலேமுக்கு நாலு மாசப் பயணம், மொதல் மாசம் மொத தேதி கிளம்பி அஞ்சாம் மாசம் மொத தேதி போய் சேருறாரு. அத்தை பொறந்த வீடு சிஎஸ்ஐங்கிற புராட்டஸ்டன்ட் சபை, அதனால 7:10 வந்ததும் பழைய பைபிள் வசனமே அவங்க வாயில வந்துச்சு, "எஸ்றா தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான்." பக்குவம்னா நமக்கு மாவடுவும் எலுமிச்ச ஊறுகாயும்தான் ஞாபகம் வரும், உப்பு போட்டு மூடி வெச்சு, தெனம் குலுக்கி விட்டு, அவசரப்பட்டா கெட்டுப் போற விஷயம். வேதத்த ஆராயணும், அதும்படி செய்யணும், அப்புறம் சொல்லிக் குடுக்கணும், அந்த வரிசையில இருக்கு. என் நோட்டுல மூணாவது மட்டும்தான் 14 பக்கம்.

8ஆம் அதிகாரத்துலதான் மாட்டிக்கிட்டேன். ஆத்தங்கரையில மூணு நாள் தங்கி கூட வந்த ஜனத்த எல்லாம் பாக்குறாரு எஸ்ரா, லேவியர்ல ஒருத்தர் கூட இல்ல. ஊர் ஜனம் வந்திருக்கு, குடும்பம் குடும்பமா வந்திருக்கு, கோவில் வேலை செய்ற ஆளுங்கதான் காணோம். ஆள் அனுப்பி கூட்டிட்டு வர வேண்டியிருக்கு. அப்பதான் காலையில பஸ்ல கேட்ட வரப்பு திரும்ப வந்து நின்னுச்சு. மிதிக்கிறது கழனிக்காரன்தான்.

எங்க பங்குல ஒரு அக்கா இருக்காங்க. என்ன விட ரொம்ப வருஷம் முன்னாடி இருந்து வாசிக்கிறவங்க. போன டிசம்பர்ல, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துல, ஒரு பேருல தடுமாறி ரெண்டு தடவ திருத்தி வாசிச்சாங்க, பின்னாடி பசங்க சிரிச்சாங்க. நான் போயி ஞாயிறு பெரிய பூசைக்கு நல்லா வாசிக்கிறவங்கள போடலாமேன்னு சொல்லி அவங்க முறைய வாங்கிக்கிட்டேன். இத நான் பாவம்னே நெனைக்கல, நிர்வாகம்னு நெனச்சேன், அதனாலதான் இன்னிக்கு பாவசங்கீர்த்தனத்துல கூட லிஸ்ட்ல வரல.

அந்தக்கா பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுவாங்க. அந்தோனியார் சுரூபம் பக்கத்து பெஞ்சுல வாசக புத்தகத்த மடியில வெச்சுக்கிட்டு, விரல வரிக்குக் கீழ நகத்தி நகத்தி, உதடு மட்டும் அசையும். முடிச்சதும் புத்தகத்த மூடி நெஞ்சுல வெச்சு கொஞ்ச நேரம் கண்ண மூடிப்பாங்க, திரும்ப மொதல்ல இருந்து. படிக்க வராது பாவம்னு நெனச்சிருக்கேன். நான் மணி அடிக்கும்போது வந்து, பக்கத்த திருப்பி, மைக் தட்டிப் பாத்துட்டு, கணீர்னு வாசிச்சுட்டு இறங்குறவ.

எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. அத்தை எழுந்து, "வந்துடுச்சு, வா"ன்னாங்க. அவங்க மனச சொன்னாங்களா என்னதான்னு கேக்கல. உள்ள போயி என்ன ஜெபிச்சேன்னும் பெருசா ஞாபகம் இல்ல, அழுதது ஞாபகம் இருக்கு.

சாயங்காலம் அக்காவுக்கு போன் போட்டேன். நாளைக்கு மொத வாசகம் நீங்க வாசிக்கிறீங்களாக்கான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்ல.

"ஏம்மா, உனக்கு தொண்ட சரியில்லையா?"

"தொண்ட நல்லாதான் இருக்குக்கா." அப்புறம் டிசம்பர்ல நான் பண்ணத சொன்னேன், நேரா, சுத்தி வளைக்காம. அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வாரா வாரம் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டு போயிருக்காங்க. பரவால்லம்மான்னு சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேன், சொல்லல. "கஷ்டமாதான் இருந்துச்சு"ன்னாங்க. அப்புறம், "கண்ணாடி இன்னும் மாத்தல, எழுத்து சின்னதா இருக்கும். பெருசா எழுதிக் குடுக்குறியா?"

நாளைக்கு வாசகம் பைபிள்ல விடுதலைப் பயணம் 17, பாலைவனத்துல தண்ணி இல்லாம ஜனம் முணுமுணுக்கிறது, மோசே பாறைய அடிக்கிறது. நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்துல, அத்தை உக்காந்த மடிப்ப நீவி விட்டு, பக்கத்துக்கு ஏழு வரியா எழுதினேன். 11 வருஷத்துல ஒரு வாசகத்த கையால எழுதினது இதுதான் மொத தடவ. முடிக்கிறதுக்குள்ள திரும்ப போன்.

"ஏம்மா, கடைசியில வர்ற எடத்துப் பேரு மெரிபாவா, மேரிபாவா?"

"மெரிபாக்கா"ன்னு டக்குனு சொல்லிட்டேன். வெச்சதுக்கு அப்புறம் எதுக்கும்னு பைபிளத் திறந்து பாத்தேன்.