அடிபட்ட ஐ10-ஐ எடுக்கலாமா? குறுக்களவு எடுத்தாயிற்று

மாதவரம் யார்டில் மூக்கு உடைந்து விலைக்கு நிற்கிற ஹூண்டாய் ஐ10 காருக்குக் குறுக்களவு, அதாவது மூலைக்கு மூலை அளவு, எடுத்து முடித்தாயிற்று. நடுக்கூடு நேராக இருக்கிறது. இரண்டு குறுக்களவுக்கும் வித்தியாசம் வெறும் 2 மி.மீ. கூட்டில் பட்ட அடி முழுவதையும் ஸ்ட்ரட் டவருக்கு (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை உட்காரும் மேடை) முன்னால் இருக்கும் பகுதியே வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. என் பழைய சான்ட்ரோ காரை விடுவதா வைத்துக்கொள்வதா என்று தீபாவளியிலிருந்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சை இந்த 2 மி.மீ. தீர்த்துவிட்டது. அளவெடுத்த விதத்தை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் சான்ட்ரோ நிலவரம். 2005 மாடல் ஜிங், 2006 பிப்ரவரியில் பதிவானது, 1086 சிசி. இஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. டைமிங் பெல்ட் தவணை தவறாமல் மாற்றியிருக்கிறேன். புகை இல்லை, காலையில் தொட்டதும் எடுக்கும். போனதெல்லாம் கீழே. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வெட்டவெளியில் நிற்கிற வண்டி அது. உப்புக்காற்று ரன்னிங் போர்டை (கதவுக்குக் கீழே ஓடும் ஓரத் தகடு) உள்பக்கத்திலிருந்தே அரித்துவிட்டது, வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கதவு வரை தண்ணீர் நின்ற பிறகு பிளோரும் வேகமாகப் போனது. டிரைவர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினால் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. அதையாவது ஒட்டுப் போட்டு அடைக்கலாம். பின் ஷாக் அப்சார்பர் மவுண்ட் அருகே ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்'தென்று கேட்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடாத சத்தம்.

வியாசர்பாடியில் நான் வழக்கமாகப் போகிற டிங்கர் பாய் வண்டியை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "இஞ்சின் ஓடுதுன்னு மனசு குளுந்துடாத தம்பி. வெல்டிங் வெக்கணும்னா பக்கத்துல நல்ல தகடு வேணும். இங்க எத்த புடிச்சி நான் வெல்டு வெக்கிறது?" என்றார். பிளோர், இரண்டு ரன்னிங் போர்டு, பின் மவுண்ட் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை 40,000-க்கு மேல். அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் தாங்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காததால்தான் அவரிடம் போகிறேன்.

இதோடு பதிவுப் புதுப்பிப்பும் வந்து நிற்கிறது. 15 வருஷம் முடிந்து 2021-இல் ஒரு முறை புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். டெல்லி மாதிரி 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற தடை இங்கே கிடையாது, வண்டி தகுதியாக இருந்தால் ஓட்டலாம். ஆனால் அந்தத் தகுதி என் சான்ட்ரோவின் அடிப்பகுதிக்கு இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொள்ள வேண்டும். அம்மாவை ஸ்டான்லிக்குச் செக்கப்புக்கு அழைத்துப் போவது இந்த வண்டியில்தான்.

இந்த நேரத்தில்தான் ஐ10 கண்ணில் பட்டது. 2013 மாடல், அதே 1.1 லிட்டர், ஏர்பேக் இல்லாத வகை. எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போன டிரெய்லர் திடீரென்று பிரேக் போட, இடது மூக்கு அதன் பின்பக்கத்தில் இடித்திருக்கிறது. பானெட், இடது பென்டர், ஹெட்லைட், ரேடியேட்டர், கண்டென்சர், ரேடியேட்டர் சப்போர்ட் எல்லாம் போச்சு. உரிமையாளரிடம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் இருந்தது, அதனால் கிளெய்ம் இல்லை. எனக்கு இது நல்லது. பழுதுபார்க்கும் செலவு ஐடிவி-யில் (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி டோட்டல் லாஸ் என்று முடித்துவிடும், அப்படி வெளியே வரும் சில வண்டிகளுக்கு ஆர்சி ரத்தாகியிருக்கும். இதற்கு ஆர்சி சுத்தம். எம்பரிவாகனில் பார்த்தேன், கடன் பதிவும் இல்லை. ஏர்பேக் இல்லாததால் வெடித்த பை, மாட்யூல், பெல்ட் என்ற பெரிய செலவும் இல்லை. பாதுகாப்பு குறைவு என்பது உண்மைதான், ஆனால் இப்போது நான் ஓட்டும் சான்ட்ரோவிலும் ஏர்பேக் கிடையாது, பிளோரும் கிடையாது.

65,000 கேட்டார்கள், 52,000-க்கு வந்தார்கள். இதே வருஷத்து நல்ல வண்டி இரண்டு லட்சத்தைச் சுற்றி நிற்கும்போது இது மலிவுதான். கூடு வளைந்திருந்தால் 10,000-க்கும் வேண்டாம். மற்றவர்கள் இஞ்சினை ஸ்டார்ட் செய்து காது கொடுப்பார்கள். இஞ்சினை ஒரு நாளில் இறக்கி வேறு வைத்துவிடலாம். மோனோகாக் கூட்டுக்குத் தனி சேசிஸ் கிடையாது, கூடுதான் சேசிஸ். அது முறுக்கிக்கொண்டால் எந்த அலைன்மென்ட் மெஷினும் காப்பாற்றாது, டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

மழைத்தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டேன். வடசென்னையில் விலை குறைவாக வரும் வண்டிக்கு இதுதான் முதல் சோதனை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் உள்சுற்றில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் ரெயில் போல்ட், ஸ்டெப்னி குழி, டேஷ்போர்டுக்கு அடியில் பியூஸ் பாக்ஸ் பின்புறம், மூன்றையும் பாருங்கள். உள்ளே கழுவிப் பளபளப்பாக்குகிறவர்கள் இந்த இடங்களுக்குப் போவதில்லை. இந்த வண்டியில் எல்லாம் உலர்ந்து, தூசியோடு இருந்தது. தூசியைப் பார்த்து இவ்வளவு நிம்மதி எனக்கு வந்ததில்லை.

இனி அளவு. மேல் அளவுக்கு நானே ஒரு டிராம் கேஜ் (இரண்டு புள்ளிக்கு நடுவே தூரம் அளக்கும் ஊசிக்கோல்) செய்தேன். பாரிமுனை ஹார்டுவேர் கடையில் ஒரு இஞ்ச் அலுமினியச் சதுரக் குழாய், இரண்டு முனைக்கு 8 மி.மீ. போல்ட்டைக் கூராக்கிய ஊசிகள், இறுக்க விங் நட். டேப் போதாதா என்று கேட்பார்கள். போதாது. டேப் இஞ்சின் மேல் தொய்ந்து வளையும், நடுவில் பேட்டரி தட்டு இடிக்கும், 5 மி.மீ. எங்கே போனது என்றே தெரியாது. டிராம் கேஜில் ஊசி இரண்டும் குழாய்க்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், ஒன்று சாய்ந்தாலும் அளவு பொய். கூம்பு முனை துளையில் தானாக நடுவில் உட்காரும். துளை ஓரம் கிழிந்திருந்தால் நடுவைத் தேடாதீர்கள். இரண்டு துளையும் ஒரே விட்டம் என்றால் இடது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு அளந்தாலே நடுவுக்கு நடு கிடைத்துவிடும்.

கீழ் அளவுக்குத் தூக்குக்குண்டு. கொத்தனார் வைத்திருக்கும் அதே பித்தளைக் குண்டு. நூலாக மட்டும் காசிமேட்டில் வாங்கிய மெல்லிய தங்கூஸை (மீன்பிடி நைலான் நரம்பு) கட்டினேன். பருத்தி நூல் முறுக்குப் பிரிந்து குண்டைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும், தங்கூஸ் சீக்கிரம் நிலைக்கு வரும். யார்டில் சிமெண்டுத் தளம் போட்ட ஷெட் ஒன்று இருந்தது நல்லதாகப் போயிற்று. நான்கு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து இடம் வலம் மட்டம் பார்த்தேன். மட்டம் பார்க்காமல் குண்டு விட்டால் எல்லா வேலையும் வீண். கடற்காற்று எழும்பினால் மாதவரம் வரைக்கும் குண்டு ஆடும், அதனால் காலையிலேயே முடிக்க வேண்டும்.

எடுத்த புள்ளிகள்: சப் பிரேமின் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கிக் கூட்டுக்கு அடியில் போல்ட்டில் நிற்கும் சட்டம்) பின் மவுண்ட் போல்ட் இரண்டு, பின் ஆக்சிலின் முன் மவுண்ட் போல்ட் இரண்டு, முன் சேசிஸ் என்று டிங்கர்கள் சொல்லும், கூட்டிலிருந்தே முன்னால் நீளும் இரண்டு கட்டைகளின் நுனித் துளை இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் குறி. பிறகு வண்டியைத் தள்ளிவிட்டால் தரையில் வண்டியின் நிழல் மாதிரி ஆறு புள்ளிகள் கிடக்கின்றன. சப் பிரேமிலிருந்து பின் ஆக்சிலுக்கு இரண்டு குறுக்களவும் போட்டேன், வித்தியாசம் 2 மி.மீ. டிங்கர் வேலையில் 3 மி.மீ. வரை ஒப்புக்கொள்வார்கள். பிறகு அந்த நான்கு புள்ளிகளின் நடுவை இணைத்து முன்னால் நூல் அடித்தேன். அந்த நடுக்கோட்டிலிருந்து வலது நுனி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இடது நுனி 11 மி.மீ. உள்ளே, 18 மி.மீ. பின்னே.

ஒரு விஷயம் மட்டும் பயமுறுத்தியது. சக்கர மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் இடது பக்கம் 16 மி.மீ. குட்டை. ஐ10-க்கு வீல்பேஸ் 2380. சான்ட்ரோவுக்கும் அதே 2380 என்பதால் வீட்டிலேயே கேஜைப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன், அளவில் தப்பில்லை. கூடு நேராக இருந்தும் சக்கரம் பின்னால் போயிருக்கிறது என்றால் நடுவில் ஏதோ மடங்கியிருக்க வேண்டும். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டையும் கழற்றி ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் இடது ஆர்ம் தெளிவாக வளைந்திருந்தது. போல்ட்டில் கழற்றி மாட்டுகிற சாமான். டிராம் கேஜை ஸ்ட்ரட் டவர் மேல் போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்க பானெட் கீல் போல்ட்டுக்கு வைத்தேன், இரண்டு பக்கமும் 1 மி.மீ.க்குள். டவர் நகரவில்லை. ஏப்ரன் (பென்டருக்கு உள்பக்கத் தகடு) ஓரத்தில் கம்பெனி ஸ்பாட் வெல்டு குழிகளும் சீலரும் தொடாமல் இருக்கின்றன, இதற்கு முன் யாரும் இழுத்துத் தட்டிய வண்டியும் இல்லை.

சாக்பீஸ் குறிகளைப் பாய்க்குப் போட்டோவில் காட்டினேன். கண்ணாலேயே 5 மி.மீ. சொல்லக்கூடிய மனிதர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ அளந்துட்டியா, அப்ப இழுத்துடலாம் தம்பி" என்றார். எனக்கு அது போதும். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: நுனியைச் செயின் போட்டு ஜாக்கியில் குளிர்ந்தபடியே இழுக்க வேண்டும், கேஸ் காட்டக்கூடாது. சூடு ஏற்றினால் அந்தத் தகட்டின் பலம் போய்விடும், அடுத்த முறை அடி பட்டால் மடங்க வேண்டிய முறையில் மடங்காது. ஒப்புக்கொண்டார்.

சாமான் பக்கம். புதுப்பேட்டையில் பானெட்டும் இடது பென்டரும் கழற்றியது இருக்கிறது. ரேடியேட்டர் சப்போர்ட் வாங்கும்போது வெட்டின இடத்தைப் பாருங்கள். ஏப்ரனோடு சேர்த்துத் தாராளமாக வெட்டியிருந்தால் வாங்கலாம், ஓரத்தை ஒட்டி வெட்டியிருந்தால் வெல்டுக்கு இடம் இருக்காது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் மூன்று காதும் உடையாமல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், பசை போட்டு ஒட்டியது நிறைய வருகிறது. லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், கூலன்ட் ஹோஸ் மூன்றும் பழையது வாங்கமாட்டேன், ஜிபி ரோட்டில் புதிதாகத்தான். கண்டென்சரும் புதிதே, பழைய கண்டென்சரில் ஓட்டை தேடிக்கொண்டே ஏசி கேஸ் காசு போய்விடும். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதமாகிவிட்டதால் பியூயல் ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடப்போகிறேன், 2013 ரப்பரை நம்பத் தேவையில்லை. கூட்டிப் பார்த்தால் வண்டி விலையோடு 1,20,000-க்குள் நிற்கும்.

சான்ட்ரோவை முதலில் ஆர்சி ஒப்படைத்து ரத்து செய்துவிட்டுத்தான் கழற்றுவேன். அந்த இஞ்சின், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மூன்றையும் விடுவதாக இல்லை. இரண்டும் ஒரே 1086 குடும்பம். எது அப்படியே ஏறும், எதற்கு பிராக்கெட் மாற்ற வேண்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து எழுத ஆசை, டிராம் கேஜ் கையில் இருக்கும்போது என்ன. மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே இடம் ஒதுக்கச் சொல்லி வீட்டில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

ஐ10-க்கு அட்வான்ஸ் 10,000 கொடுத்தாயிற்று. பெயர் மாற்றத்துக்கான பார்ம் 29, 30 கையெழுத்தாகி ஒரிஜினல் ஆர்சி கைக்கு வருகிற அன்று மீதி. இழுத்த பிறகு அதே ஆறு புள்ளிக்கும் மறுபடி குண்டு விடுவேன். இடது நுனி 3 மி.மீ.க்குள் வந்த பிறகுதான் ரேடியேட்டர் சப்போர்ட்டை வெல்டு வைக்க விடுவேன். ஸ்பாட் வெல்டு கழற்ற 8 மி.மீ. கட்டர் நல்லதாக எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாதா டிரில் பிட் கீழ்த் தகட்டையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.