செல்ஃப் அடிக்கையில் ஹெட்லைட் மங்கவில்லை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடிப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் வீட்டில் தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிட்டது. ஆனால் வெளியே நின்ற அப்பாவின் மாருதி 800, பாதிச் சக்கரம் முங்கியபடி மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது.

அது 1994 மாடல். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. இன்ஜினைக் கட்டுப்படுத்த கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. 2014 ஜனவரியில் இந்த மாடல் தயாரிப்பே நின்றுவிட்டாலும் சாமான்கள் இன்னும் சுலபமாகக் கிடைக்கின்றன. அப்பாவுக்கு இப்போது வயது 76. இந்த வண்டியைத் தவிர வேறு எதிலும் முன்சீட்டில் உட்கார அவருக்குப் பிடிக்காது.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி 2024 ஏப்ரலில் முடிவதாக இருந்தது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்போது காருக்கு அதன் கட்டணம் 5,000 ரூபாயாக இருந்தது. பணம் கட்டினால் மட்டும் போதாது, ஆர்டிஓ ஆபீஸுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். வீட்டு வேலைகள் ஓய்ந்து நான் பானெட்டைத் திறந்தபோது பிப்ரவரி பிறந்துவிட்டது.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் எடுத்தவுடன் சாவியைத் திருகக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்பாக, சுத்தமாகவே இருந்தது. ஏர் ஃபில்ட்டரும் காய்ந்திருந்தது. மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, வண்டியை நாலாவது கியரில் போட்டு, தம்பியை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னேன். இன்ஜின் தடையில்லாமல் சுற்றியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பாதி நிம்மதி.

பிளக்குகளை மாட்டி, பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு, காலையில் சாவியைத் திருகினேன். "டக்" என்று ஒரே ஒரு சத்தம். இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. மறுபடி திருகினாலும் அதே "டக்".

பேட்டரி கடையில் கேட்டபோது பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்றார்கள். ஒன்றரை வருடம்கூட ஆகாத பேட்டரி அது. இருந்தாலும் பக்கத்து வீட்டுக் காரின் பேட்டரியை வாங்கி மாட்டிப் பார்த்தேன். அதே "டக்"தான். அப்புறம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். வெள்ளத் தண்ணீர் செல்ஃப் மோட்டாருக்குள் போயிருக்கும் என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, செல்ஃப் கீழேதானே இருக்கிறது. கழற்றிக் கொடுத்தேன். கார்பன் பிரஷ், புஷ் மாற்றி, சுத்தம் செய்து 1,900 ரூபாய் வாங்கினார்கள். மேஜையில் வைத்து நேரடியாகக் கரண்ட் கொடுத்தபோது அருமையாகச் சுற்றியதை என் கண்ணாலேயே பார்த்தேன். வண்டியில் மாட்டினால் மறுபடியும் "டக்".

அன்று சாயங்காலம் இன்னொன்றைக் கவனித்தேன். நாலைந்து தடவை முயற்சி செய்துவிட்டு சோக்கை உள்ளே தள்ளப் போனபோது, டேஷ்போர்டுக்குக் கீழே சோக் கேபிளில் கை பட்டது. சுட்டது. கரண்ட்டுக்கும் சோக் கேபிளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது கார்பரேட்டரின் மூடியை இழுக்கும் வெறும் கம்பி. அது ஏன் சுட வேண்டும்?

பழைய துறைமுகம் பக்கம் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். மறுநாள் அவரிடம் போனேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்விதான்.

"தம்பி, ஹெட்லைட்டப் போட்டுட்டு செல்ஃப் அடிச்சுப் பாத்தீங்களா? லைட்டு மங்குதா, அப்படியே நிக்குதா?"

நான் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஹெட்லைட் வெளிச்சம் சுவரில் விழும்படி வைத்துச் சாவியைத் திருகினேன். "டக்" என்றது, சுவரில் வெளிச்சம் துளியும் மங்கவில்லை.

போனில் சொன்னதும், "பேட்டரியும் நல்லாருக்கு, செல்ஃபும் நல்லாருக்கு. எர்த்தப் பாருங்க. சோக் வயரு சுட்டுச்சுன்னீங்கல்லா, அதான் சாட்சி" என்றார்.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எனக்கு மொத்த விஷயமும் புரிந்தது இங்கேதான்.

எர்த் என்பது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து அது இரண்டு கிளையாகப் போகிறது. ஒன்று பாடிக்கு, இன்னொன்று இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடி உலோகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஹெட்லைட்டின் கரண்ட் பாடி வழியாகத் திரும்பிவிடும். செல்ஃபின் கரண்ட் இன்ஜின் எர்த் வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்குப் பக்கமாக வேண்டும். இன்ஜின் எர்த் கெட்டுப்போனால் லைட்டெல்லாம் பளிச்சென்று எரியும், செல்ஃப் மட்டும் சுற்றாது. பேட்டரி பலவீனமாக இருந்திருந்தால் செல்ஃப் அடித்தவுடன் லைட் சிவந்து மங்கியிருக்கும். செல்ஃப் மோட்டார் இறுகிப்போயிருந்தாலும் அப்படித்தான், அது கரண்ட்டை அள்ளி இழுத்திருக்கும். லைட் மங்கவே இல்லையென்றால் செல்ஃபுக்குப் போதுமான கரண்ட் போகவில்லை, வழியில் எங்கோ அடைப்பு.

சோக் கேபிள் சுட்டதும் இதனால்தான். இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப ஒழுங்கான பாதை இல்லாததால், இன்ஜினையும் பாடியையும் தொடும் மெல்லிய கம்பிகள் வழியாக அந்தக் கரண்ட் போகப் பார்த்திருக்கிறது. சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டும் அந்தப் பாதைதான். விடாமல் செல்ஃப் அடித்திருந்தால் உறை உருகிப் புகை வந்திருக்கும். கேபிள் சுட்டால் அந்த நிமிடமே சாவியை விட்டுவிடுங்கள்.

இனி ஊகம் வேண்டாம், அளந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டில் 400 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தது. அதை டிசி வோல்ட்டில் வைத்தேன். தம்பி சாவியைத் திருக, நான் குச்சிகளைப் பிடித்தேன். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே சும்மா இருக்கும்போது 12.5, செல்ஃப் அடிக்கையில் 12.2. நன்றாகச் சுற்றும் வண்டியில்கூட இது பத்துச் சொச்சத்துக்கு இறங்கும். அடுத்து பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே வெறும் 0.1. அந்த வயரில் குற்றமில்லை. கடைசியாக ஒரு குச்சியை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்தேன். அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டிய இடத்தில் 7.4 காட்டியது. செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட்டில் பெரும்பங்கு அந்த ஒற்றை வயரிலேயே தீர்ந்துபோகிறது.

உறுதி செய்துகொள்ள, ஜம்ப்பர் கேபிளின் கறுப்பு வயரை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் போல்ட் ஒன்றிலும் கவ்வ வைத்தேன். சாவியைத் திருகியதும் செல்ஃப் வேகமாகச் சுற்றியது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார்.

பழைய எர்த் வயரைக் கழற்றினேன். வெளியே பார்க்கக் கறுப்பு உறை முழுதாக, அழகாக இருந்தது. இதைத்தான் இரண்டு பேர் கண்ணால் பார்த்து "எர்த் நல்லாருக்கு" என்று சொல்லியிருந்தார்கள். உறையைப் பிளேடால் கீறியபோது செம்பு இழைகள் பச்சைக் களிம்பாக உதிர்ந்தன. நாலைந்து இழைதான் மிச்சம். கடலும் உப்பளமும் இருக்கிற ஊரில் 30 வருடம் உப்புக்காற்று குடித்த வயர் அது. வெள்ளம் அதை முடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெல்டிங் சாமான் கடையில் 25 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள் அரை மீட்டர் வாங்கினேன். அண்ணாச்சி கடையில் இரண்டு முனையிலும் செம்பு லக் வைத்து அமுக்கிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 340 ரூபாய். வயரை மாட்டுவதைவிட, மாட்டும் இடத்தைச் சுத்தம் செய்வதுதான் முக்கியம். போல்ட் உட்காரும் இடங்களை உப்புத்தாள் வைத்து வெள்ளி போல் மின்னும்வரை தேய்த்தேன். பாடிக்குப் போகும் கிளையின் முனையையும் அப்படியே செய்தேன். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிட்டேன். மறுபடி அளந்தபோது 0.2.

செல்ஃப் சுற்றியது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. மூன்று மாதமாக நின்ற வண்டியில் ஒரே ஒரு கோளாறுதான் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு.

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து இன்ஜின் உலோகத்தில் சாய்த்து வைத்து செல்ஃப் அடித்தேன். பக்கத்தில் பெட்ரோல் வாடையே இருக்கக் கூடாது, இதில் அலட்சியம் வேண்டாம். பொறி வரவில்லை. பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன், உள்ளே ஈரம் காய்ந்த தடம். பொறிக்கான கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்ட்டின் இரண்டு முகங்களிலும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். மெல்லிய உப்புத்தாளை இடையில் விட்டு இழுத்துத் தேய்த்து, தூசியைத் துணியால் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.45 மில்லிமீட்டருக்குச் சரி செய்தேன். மூடியை வெயிலில் காயவைத்தேன். இந்த முறை நீலப் பொறி, "டப் டப்" என்ற சத்தத்தோடு.

மிச்சம் இருந்தது பெட்ரோல். பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்புக்கு வரும் ட்யூபைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். அரை மணி நேரத்தில் அடியில் ஒரு அடுக்கு தனியாகப் பிரிந்து நின்றது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து கீழே இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டாங்கிலிருந்த நாலு லிட்டரையும் இறக்கிவிட்டு, புது ஃபில்ட்டர் போட்டு, ஐந்து லிட்டர் புதிதாக ஊற்றினேன்.

சோக்கை முழுதாக இழுத்தேன். கார்பரேட்டர் கிண்ணம் காய்ந்திருந்ததால் பம்ப் அதை நிரப்பக் கொஞ்ச நேரம் வேண்டும். பத்து விநாடி அடித்து, ஒரு நிமிடம் செல்ஃபை ஆறவிட்டு, மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை ஒரு சிலிண்டர் இருமியது. நாலாவது முறை மூன்றும் பிடித்துக்கொண்டன. சைலன்சரிலிருந்து கொஞ்சம் தண்ணீரும் வெள்ளைப் புகையும் வந்து, பிறகு தெளிந்தது. பிரேக் டிரம்களைத் திறந்து சேற்றைச் சுத்தம் செய்து, வீல் பேரிங்கில் புது கிரீஸ் வைத்த பிறகுதான் ரோட்டுக்கு எடுத்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அது கட்டாயம்.

மார்ச் கடைசியில் ஆர்டிஓ ஆபீஸில் காட்டினோம். அப்பா முன்சீட்டில் வந்தார். இன்ஸ்பெக்டர் ஸ்டார்ட் செய்யச் சொன்னபோது அரைச் சுற்றில் பிடித்தது. ஆர்சி 2029 வரை கிடைத்துவிட்டது. பழைய எர்த் வயரை அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொண்டார், கடையில் வேலை பழகும் பையனிடம் கீறிக் காட்ட வேண்டுமாம்.