ஃபிஃப்த் வீல் நாட்குறிப்பு: மார்ச் முதல் ஜூன் வரை

மார்ச் 8, 2025, சனி. சான் ஆன்டோனியோ

குளிர்காலம் முழுக்க வீட்டோரம் நின்ற ட்ரெய்லரின் கூரைமேல் இன்று ஏறினேன். புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒரு வரி: எங்களுடையது ஃபிஃப்த் வீல் வகை. ட்ரக்கின் பின்பக்கம் பம்பருக்குக் கீழே மாட்டி இழுப்பது இல்லை. ட்ரக் பெட்டுக்குள் (பின்பக்கச் சரக்குத் தொட்டி), பின் அச்சுக்கு மேலே இருக்கும் ஹிட்ச் என்ற இணைப்புத் தட்டில் ட்ரெய்லரின் கிங்பின் என்ற தடித்த ஆணி வந்து உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும், கண்டெய்னர் லாரிகளில் இருக்கும் அதே ஏற்பாடுதான். பாரம் நேராகப் பின் அச்சில் இறங்குவதால் பக்கவாட்டு ஆட்டம் குறைவு.

ஏசி பெட்டியைச் சுற்றியும் முன்பக்க விளிம்பிலும் சீலன்டில் மயிரிழை வெடிப்புகள். கிளம்பியிருந்ததைச் சுரண்டி, துடைத்து, காயவிட்டு, டைகோர் சீலன்டை வழியவிட்டேன், அது தானாகவே பரவி மட்டமாகிவிடும். இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட ஒழுகிக் கெடுவதே அதிகம், சுவருக்குள் தண்ணீர் இறங்கினால் வெளித்தகடு உப்பிக்கொண்டு வரும், அப்புறம் செலவுக்கு அளவே இருக்காது.

சாயங்காலம் டாலஸிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "மாமா, ஒரு பெரிய ஃபிஃப்த் வீல் பார்த்து வச்சிருக்கேன். என் ட்ரக் 16,000 பவுண்டு இழுக்கும், தாராளமா வாங்கலாம்னு கடைல சொல்றாங்க." அவனுடையது முக்கால் டன் டீசல் (முக்கால் டன், ஒரு டன் என்பதெல்லாம் ட்ரக்கின் வகைப் பெயர்தான், உண்மையான சுமை அளவு இல்லை). "முன்பணம் எதுவும் கட்டாதே. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

மார்ச் 15, சனி

முழு நாளும் சக்கரங்களோடு போனது. வருடம் ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பேரிங்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள், நான் வருடக்கணக்கை வைத்துக்கொள்கிறேன். ஜாக்கியை அச்சுக் குழாய்க்கு அடியில் கொடுக்கக் கூடாது, வளைந்துவிடும். ஃபிரேமுக்கு அடியில்தான் கொடுக்க வேண்டும். மூடியைத் தட்டி எடுத்து, பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் டிரம் கையோடு வந்துவிடும். பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, ஒவ்வொரு உருளையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். நீலம் பாரித்திருந்தால் சூடேறியிருக்கிறது என்று பொருள், புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்த முறை எல்லாம் சுத்தம்.

நுனியில் உள்ள நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. உள் சீல் தளர்ந்திருந்தால் அடிக்கிற கிரீஸெல்லாம் பிரேக் ஷூவில் போய்ப் படியும், அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இருக்காது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து பேரிங்கை அழுத்தி அழுத்தி ஏற்றுவதில் நேரம் போகும், போகட்டும். புது சீல், டிரம்மைச் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டுக்கு இறுக்கி, பிறகு தளர்த்தி, கையால் மட்டும் இறுக்கி, புதுப் பின். அவ்வளவுதான்.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. இரண்டு அச்சுகளின் ஸ்பிரிங் பட்டைகளையும் இணைக்கும் ஷாக்கிள்களில் ஒன்றைக் கழற்றினேன். உள்ளே நைலான் புஷ் (போல்ட்டைச் சுற்றி உராய்வைத் தாங்கும் உறை) என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை, தேய்ந்து மாவாகிப் போயிருக்கிறது. இரும்பு இரும்போடு உரசி போல்ட்டின் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது, ஷாக்கிளின் வட்டத் துளை முட்டை வடிவத்துக்கு நீண்டிருக்கிறது. 14,000 பவுண்டுக்கான வண்டியில் இவ்வளவு மலிவான புஷ்ஷைப் போட்டு அனுப்புவது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது. எல்லாப் பக்கமும் வெண்கலப் புஷ், தடித்த ஷாக்கிள், கிரீஸ் அடிக்கும் துளையுள்ள போல்ட் என்று மாற்றிவிட்டேன். ஃபிஃப்த் வீல் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

டயர்களின் பக்கச்சுவரில் டாட் எண் என்ற தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1420. அதாவது 2020ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பள்ளங்கள் ஆழமாகத்தான் இருக்கின்றன, ஆனால் டெக்சாஸ் வெயிலில் ஐந்து வருடம் என்பது ட்ரெய்லர் டயருக்கு முதுமை. நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன். சக்கரம் மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் நட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்க வேண்டும், இதை யாரும் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஏப்ரல் 5, சனி

மச்சினன் குடும்பத்தோடு வந்திருக்கிறான். பேசிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது மேல் என்று அவனை ஏற்றிக்கொண்டு ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போனேன். முன் அச்சு ஒரு பலகை, பின் அச்சு ஒரு பலகை, ட்ரெய்லர் ஒரு பலகை. சீட்டில் வந்தது: 4,960, 5,900, 9,760. மொத்தம் 20,620 பவுண்டு. பிறகு ட்ரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு ட்ரக்கை மட்டும் மறுபடி ஏற்றினோம், 8,280.

ஆக ட்ரெய்லர் 12,340. ட்ரக் தனியாக 8,280 இருந்தது, ட்ரெய்லர் மாட்டியதும் அதன் இரண்டு அச்சுகளிலும் சேர்ந்து 10,860. வித்தியாசம் 2,580, அதுதான் கிங்பின் எடை, அதாவது கிங்பின் வழியாக ட்ரக்மேல் இறங்கும் பாரம், ட்ரெய்லர் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு. ஃபிஃப்த் வீலில் பொதுவாக 20 விழுக்காட்டை ஒட்டித்தான் வரும். என் ட்ரக் ஒரு டன் வகை, அதிகபட்சம் 11,400 வரை தாங்கும், அதனால் நிம்மதி.

அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப இழுக்கிறது பிரச்சினை இல்ல, சுமக்கிறதுதான் பிரச்சினையா மாமா?" அதேதான்! அவன் ஸ்டிக்கரில் பேலோட், அதாவது ஆட்களும் சாமானும் சேர்த்து ட்ரக் சுமக்கக்கூடிய எடை, 2,317. டீசல் எஞ்சினே கனம், பல முக்கால் டன் ட்ரக்குகளின் மொத்த எடை வரம்பும் 10,000 பவுண்டில் நின்றுவிடுகிறது, மிச்சம் எங்கிருந்து வரும்? ஓட்டுபவரையும் சேர்த்து நான்கு பேருக்கு 550, ஹிட்சுக்கு 150 கழித்தால் 1,617. அதற்கு 8,000 பவுண்டு ட்ரெய்லர்தான் பொருந்தும். அவன் பார்த்திருப்பது முழுப் பாரத்தில் 15,000, கிங்பின் எடை மட்டுமே 3,000. இதை விற்பவர்கள் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம், பின் அச்சும் டயரும் தாங்காமல் போனால் உள்ளே இருப்பது குழந்தைகள்.

இன்னொன்றும் சொன்னேன். 10,000 பவுண்டைத் தாண்டிய ட்ரெய்லரோடு இரண்டின் கூட்டு எடை வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டினால் டெக்சாஸில் சாதாரண சி உரிமம் போதாது. வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும்.

மே 24, சனி

நீள வார இறுதிக்குப் பக்கத்து ஏரி வரை. மாட்டும்போது கிங்பின் தட்டு ஹிட்ச் தட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும், ஹிட்ச் அதை லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போகணும். உயரமாக இருந்தால் கிங்பின் ஹிட்சின் பூட்டுத் தாடைக்கு மேலேயே போய் உட்காரும், பூட்டியதுபோல் தோன்றும், கிளம்பியதும் மொத்த ட்ரெய்லரும் பெட் சுவர்மேல் விழும். அதனால் டார்ச் அடித்துத் தாடை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டைகள் இருக்கும்போதே, ட்ரெய்லரின் முன் கால்களைத் தரையிலிருந்து விரல் அளவு மட்டும் தூக்கி, ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஒரு இழு இழுத்துப் பார்க்கிறேன். மழையோ அவசரமோ, இது மாறாது.

ஜூன் 8, ஞாயிறு. டிரினிடாட், கொலராடோ

லப்பக், அமரில்லோ, டால்ஹார்ட், கிளேட்டன் வழியாக வந்து சேர்ந்தோம். பான்ஹாண்டில் (டெக்சாஸின் வடமுனைப் பகுதி) முழுக்கப் பக்கக் காற்று, 60 மைல் வேகத்தைத் தாண்டவில்லை. பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போதெல்லாம் வெப்பமானியால் நான்கு ஹப்பையும் பார்த்தேன், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால்தான் கவலை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

ராட்டன் கணவாய் 7,834 அடி. இறங்கும்போது உச்சியிலேயே கியரைக் குறைத்து, எக்சாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டேன், அது எஞ்சினையே அடக்கி வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால் பிரேக்கை எப்போதாவது அழுத்தமாகக் கொடுத்து எடுத்தால் போதும். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கொதித்துவிடும்.

முகாமில் கால்களை இறக்கிக்கொண்டிருந்தபோது மச்சினனிடமிருந்து இரண்டு ஸ்டிக்கர் படங்கள். ட்ரக்கை மாற்றுகிறானாம். ஒரு டன் ஒற்றைச் சக்கரம், பேலோட் 3,900. இன்னொன்று இரட்டைச் சக்கரம் (பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு சக்கரம்), 5,400. அந்த 15,000 பவுண்டு ட்ரெய்லரை விடப் போவதில்லை என்கிறான். கிங்பின் எடை 3,000, ஆள், ஹிட்ச் 700, ஒற்றைச் சக்கரத்தில் மிஞ்சுவது வெறும் 200. கருவிப் பெட்டியும் இரண்டு சைக்கிளும் ஏற்றினால் அதுவும் தீர்ந்தது. வீட்டு முன்னால் நிறுத்த இடம் போதாது என்று தங்கச்சி சொல்வது நியாயம்தான், ஆனாலும் இரட்டைச் சக்கரத்தையே எடுக்கச் சொல்லி, அதன் பின் அச்சு வரம்பையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.