ஒரு முழம் பூ: பயிற்சி மாத நாட்குறிப்பு

அக்டோபர் 7, 2024, திங்கள்

இன்று முதல் மறுவாழ்வுப் பிரிவு. நான்கரை வருஷப் படிப்பில் கடைசி ஆறு மாதம் பயிற்சி, அதில் இது எனக்கு இரண்டாவது மாதம். ஆக்குபேஷனல் தெரபி என்றால் "வேலை வாங்கித் தர்ற படிப்பா?" என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். பக்கவாதமோ விபத்தோ வந்த ஒருவர் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, பிழைப்பைப் பார்ப்பது எல்லாவற்றையும் மறுபடி தானே செய்ய வழி பண்ணுவது என்று நானும் சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

என்னிடம் இரண்டு பேரை ஒப்படைத்திருக்கிறார்கள். ஒருவர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா. பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது, இடது பக்கம் பலவீனம். இன்னொருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்ட அண்ணன்.

அன்றாட வேலைகளை ஒருவர் எந்த அளவுக்குத் தானே செய்கிறார் என்று மதிப்பெண் போடும் பார்த்தெல் அட்டவணையை அம்மாவுக்குப் போட்டேன். சாப்பாடு, குளியல், உடை, கழிவறை, படியேறுவது என்று பத்துக் கேள்வி, நூற்றுக்கு ஐம்பத்தைந்து வந்தது. எழுதி முடித்ததும் அம்மா கேட்டார்: "பூ கட்டறதை எதுல எழுதுன கண்ணு?" அதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று செய்த தவறை விவரமாகவே எழுதிவைக்கிறேன்.

அண்ணனுக்குக் காயம் சி6 மட்டத்தில், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது நரம்பு மட்டத்தில். தோள் அசைகிறது, முழங்கை மடங்குகிறது, மணிக்கட்டை மேலே தூக்க முடிகிறது. விரல்களைத் தானாக அசைக்க முடியாது. அவை லேசாக உள்ளே சுருண்டிருந்தன. அப்படியே இறுகிவிடக் கூடாதே என்று மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்து, கூடவே விரல்களையும் நேராக நீட்டி இழுத்தேன். நாலைந்து தடவை இழுத்திருப்பேன். எட்ட நின்ற, எங்கள் பயிற்சியைக் கவனிக்கும் மேடம் வேகமாக வந்து, "விடு, விடு" என்றார்.

பிறகு அண்ணனிடம், "மணிக்கட்டை மட்டும் தூக்குங்க" என்றார். தூக்கினார். விரல்கள் தாமாக மடங்கின, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் போய் ஒட்டியது. கையைத் தொங்கவிட்டதும் விரிந்தன. விரல் தசைக்கு உயிர் இல்லாவிட்டாலும், மணிக்கட்டு மேலே போகும்போது, அந்தத் தசையை எலும்போடு இணைக்கும் நாண் இழுபட்டு விரலை மடக்குகிறது. இதற்குப் பெயர் டெனோடெசிஸ் பிடி. மூன்றாம் வருஷம் இதைப் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன்! அந்த நாண் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் பிடி நிற்கும். நான் இழுத்துத் தளர்த்தப் பார்த்தது அந்த இறுக்கத்தைத்தான். மணிக்கட்டு மேலே இருந்தால் விரல் சுருண்டே இருக்கட்டும், விரலை நீட்ட வேண்டுமானால் மணிக்கட்டைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒருசேர நீட்டவே கூடாது.

"அண்ணே, நான் தப்பா இழுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றேன். "வலிக்கல தங்கச்சி. சுண்டுவிரல் பக்கமெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். வலித்திருந்தால் அவரே என்னைத் தடுத்திருப்பார். அதை நினைத்தால்தான் நெஞ்சு இன்னும் படபடக்கிறது.

ராத்திரி முழங்கையை மேசையில் ஊன்றி, என் கையைத் தளர்த்திவிட்டு மணிக்கட்டை முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டே இருந்தேன். என் விரலும் அப்படியேதான் மடங்கி விரிகிறது. இத்தனை நாள் கவனித்ததில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை விடுமுறை என்பதால் ஆயுத பூஜை இன்றே முடிந்தது. மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியாமீட்டர், கத்தரிக்கோல், விரல் பயிற்சிக்குக் குச்சி செருகும் ஆணிப்பலகை, ஸ்ப்ளிண்ட் (கையைத் தாங்கிப்பிடிக்கும் அச்சு) செய்யத் தகட்டைச் சூடாக்கும் தொட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அண்ணனுக்கு அவர் மனைவி திருநீறு வைக்க வந்தபோது, அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதையாவது நானே வச்சுக்கணும்."

மேடம் என்னைப் பார்த்தார். கோப்பில் குறிக்கோள் என்ற இடத்தில் அதை அப்படியே எழுதினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. சென்னையில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. வெளிநோயாளிகள் யாரும் வராததால் தோழியின் கையில் ஸ்ப்ளிண்ட் செய்து பழகினேன். தண்ணீர் எழுபது டிகிரிக்குள், தகடு இளகியதும் எடுத்துத் துடைத்து, ஆறுவதற்குள் கையில் படியவைக்க வேண்டும். உள்ளங்கை ரேகையைத் தாண்டிவிட்டால் விரல் மடங்காது. முதலாவது தாண்டிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது, ஆனால் அரைமணி கழித்துக் கழற்றியபோது சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பின் மேல் சிவந்திருந்தது. தகட்டில் அந்த இடத்தை மட்டும் மறுபடி சூடாக்கி, எலும்பில் படாதபடி வெளிப்பக்கம் உப்பவைத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

அம்மாவின் மகன் தினமும் அவரை இடது கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்கிறார். தோள் மூட்டு ஏற்கெனவே ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. "கையைப் பிடிச்சு இழுக்காதீங்கண்ணா, முதுகுப் பக்கம் தாங்கிக்கோங்க" என்று செய்துகாட்டினேன். உடனே புரிந்துகொண்டார்.

பூ கட்ட நாரைப் பிடித்துக்கொள்ள மேசையில் மாட்டும் ஒரு கிளிப்பை இரண்டு நாளாக யோசித்து, வரைந்து, கொண்டுபோயிருந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கோயில் வாசல்ல மேசை ஏது கண்ணு?" பாயில் உட்காரவைக்கச் சொன்னார். நனைத்த வாழைநாரின் நுனியை வலது கால் கட்டைவிரலில் சுற்றி இழுத்தார். இடது கை பிடிக்க வேண்டியதைக் கால் பிடித்துக்கொண்டது. இடது கைக்கு ஒரே வேலைதான்: எதிரும் புதிருமாக வைத்த மல்லிகைக் காம்புகளை நழுவாமல் அழுத்திக்கொள்வது. வலது கை நாரைச் சுற்றி, கண்ணி போட்டு இறுக்கியது.

முதல் கண்ணி நழுவியது. என் கை தானாக நீண்டது. "இரு" என்று புறங்கையால் தள்ளிவிட்டார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு நிமிஷத்தில் நாலு கண்ணி. உதவாமல் உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று எந்த வகுப்பிலும் எனக்குத் தெரிந்ததில்லை. கிளிப்பை அலமாரியில் வைத்துவிட்டேன், மேசை உள்ள யாருக்காவது உதவும்.

அக்டோபர் 23, புதன்

அண்ணன் தானே திருநீறு வைத்துக்கொண்டார். கையைத் தொங்கவிட்டு விரல் விரிந்ததும் கிண்ணத்துக்குள் இறக்கினார். மணிக்கட்டைத் தூக்கியதும் கட்டைவிரல் ஒட்டி ஒரு சிட்டிகை வந்தது. பாதி சட்டையில் கொட்டியது, மீதி நெற்றிக்குப் போனது. மனைவி துடைக்க வந்தார். "இருக்கட்டும்" என்றார்.

அக்டோபர் 27, ஞாயிறு

உலக ஆக்குபேஷனல் தெரபி நாள். கமலா நிம்ப்கர் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950இல் இந்தப் படிப்பைத் தொடங்கினார். 1952இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் பத்து நிறுவன நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தக் கூட்டமைப்பு கேட்பது குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி. என் பதிவேட்டில் அந்தப் பதினோரு நிமிஷத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், கடைசியில் "பூ கட்டுதல், கவனித்தது" என்று எழுதினேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்காக அம்மா நாளை வீட்டுக்குப் போகிறார். இன்று கட்டிய சரத்தை இடது கையில் வைத்து அளந்தார், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும். "விரல் நிமிரலேன்னா மொழம் குறையும். வாங்குறவ சும்மா இருப்பாளா?" கோப்பில் "விரல் நீட்டும் திறனை மேம்படுத்துதல்" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "இடது கையில் முழம் அளப்பது" என்று எழுதினேன்.

விரலை எவ்வளவு முயன்று நிமிர்த்தியும் ரெண்டு விரக்கடை குறைந்தது. அம்மா பேசாமல் அந்த ரெண்டு விரக்கடைக்கும் பூ சேர்த்துக் கட்டிவிட்டு நாரை அறுத்தார்.