ஒன்பது மணி நேரக் கரண்ட்

ஜூலை 2, புதன்

இன்று மட்டும் கேரவன் வண்டியை நிறுத்தித் தங்குகிற ஆறு இடங்களுக்குப் போன் செய்தேன். நான்கு கோலா தஹான் பக்கம், இரண்டு மேராப்போ பக்கம். இரண்டும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போகிற வாசல்கள். கேட்பது ஒரே கேள்விதான். "லெத்ரிக் அடா?" கரண்ட் இருக்கிறதா? எல்லாரும் "அடா, அடா" என்கிறார்கள். எத்தனை மணிவரை என்று கேட்டால்தான் பேச்சு நிற்கிறது. ஒருவர் பத்தரை என்றார், இன்னொருவர் பன்னிரண்டு. ஜென்செட்டாம், இரவு முழுக்க ஓட்டினால் எண்ணெய்க் காசுக்கே கட்டாதாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூடாரம் போட்டுத் தூங்க வருகிறவர்களுக்கு நடுராத்திரியில் வெளிச்சம் எதற்கு?

எனக்கு இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வேண்டும். அப்பாவின் வயிற்று டயாலிசிஸ் மெஷின் அவ்வளவு நேரமும் ஓட வேண்டும்.

ஜூலை 3

அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது.

ஜூலை 5, சனி

தம்பி வந்தான். அவன் மனசு முழுக்கக் கோலா தஹான்தான். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்களாம், மர உச்சியில் தொங்குபாலத்தில் நடந்தானாம். அங்கே தாமான் நெகாரா தெம்பெலிங் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது, வண்டி இந்தக் கரையிலேயே கிராமத்தில் நின்றுவிடும் என்றேன். அப்பாவைப் படகில் ஏற்றி இறக்கி, அப்புறம் அந்தப் படிகளில் எப்படி ஏற்றுவது? "நான் தூக்கிக்கிறேன்க்கா" என்றான். தூக்குவான், எனக்குத் தெரியும். ஆனால் அப்பா தூக்கவிட மாட்டார்.

மேராப்போ அப்படியில்லை. பெந்தோங், ரவூப், கோலா லிப்பிஸ் வழியாகத் தார் ரோட்டிலேயே போய்விடலாம். டவுனிலிருந்து சுங்கை ரெலாவ் வாசலுக்கு ஏழு கிலோமீட்டர்தான். அதுவும் அதே காடுதானே. பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலத்திலும் 4,343 சதுர கிலோமீட்டர் படர்ந்து கிடக்கிற காட்டுக்கு எந்த வாசலில் நின்றால் என்ன? குனோங் தஹான் ஏறுகிறவர்கள் அந்த வழியாகவும் போகிறார்கள்.

அதுவரை டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, மேராப்போ என்றதும் திரும்பினார். "அங்க ஸ்டேஷன் இருக்குல்ல?"

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

ஜூலை 7

கேரவன் வண்டியைப் பார்க்கப் போனோம். 3,500 கிலோவுக்குள்தான் இருக்கிறது, தம்பியின் டி லைசென்ஸ் போதும். வாடகைக்கு விடுகிற பையன் அடுப்பு, டிவி, வெளியே இழுத்துவிடுகிற பந்தல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனான். நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டிலுக்குப் போனேன். கட்டில் உயரம் 71 செண்டிமீட்டர், பக்கத்துப் பலகை 74. மெஷினை அதில் வைத்தால் அப்பா படுக்கிற மட்டத்துக்குச் சரியாக வரும். கைகழுவும் தொட்டி மூன்று அடி தள்ளி இருக்கிறது. கதவைச் சாத்தி ஏர்கோனை நிறுத்தினால் காற்று அசையாது. அப்பாவின் வயிற்றுக் குழாயை மெஷினில் மாட்டும்போது காற்று அடிக்கவே கூடாது, கிருமி போய்விடும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். தம்பி ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டான். மூன்று செண்டிமீட்டர் என்றேன்.

ஜூலை 8

பேட்டரிப் பெட்டி வந்துவிட்டது. இன்றிரவு சோதனை. மெஷினும் சின்னக் காற்றாடியும் மட்டும்.

ஜூலை 9

ஒன்பதுக்குப் போட்டேன், ஆறுக்கு முடிந்தது. பெட்டியில் 38 சதவீதம் மீதி! மருந்தைச் சூடாக்கும்போதுதான் எண் மளமளவென்று இறங்குகிறது, சூடானபிறகு மெதுவாக இறங்குகிறது. நான் தூங்கவேயில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா நடுவில் கண் விழித்து, "போய்ப் படும்மா, நூறிலிருந்து இறங்கத்தானே செய்யும்" என்றார்.

ஆனால் இது உதவிக்குத்தான். ஒரு ராத்திரி தாங்கும், இரண்டாம் ராத்திரிக்கு எங்கே சார்ஜ் போடுவது? இடத்தில் கரண்ட் இருந்தே ஆகவேண்டும்.

ஜூலை 10

மறுபடி போன், மறுபடி "அடா, அடா".

சாயங்காலம் அப்பா தானாகவே பேசினார். தாத்தா மேராப்போ வழியாகப் போகிற அந்தக் கிழக்குக்கரை ரயில் பாதையில் கேங் கூலி, தண்டவாள வேலை. கிம்மாசிலிருந்து தும்பாட் வரை பாதை முழுசாக முடிந்ததே 1931-இல்தான். ஜப்பான்காரன் காலத்தில் அதே பாதையில் வெகுதூரத்துக்குத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாத்தாவையும் கொண்டுபோனார்கள். அப்பாவுக்கு அப்போது ஒரு வயது. தாத்தா திரும்பி வரவில்லை. படம்கூட ஒன்றும் இல்லை.

அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாதையில் ஓடுகிற பெட்டிகளுக்கு வேலை செய்திருக்கிறார். ஒருதடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

கிடைத்துவிட்டது!

மேராப்போவில் ஆற்றோரம் ஒரு மக்சிக்கின், மலாய்க்கார அம்மாவின், நிலம். ஜென்செட் இல்லை, அவர் வீட்டு மீட்டரிலிருந்தே இழுத்துக் கம்பத்தில் பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறார். சாதாரணப் பதின்மூன்று ஆம்ப்தான், நமக்கு அது போதும். இரவில் நிறுத்த மாட்டீர்களே என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவரே கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. வார நாளில் வாருங்கள், வேறு யாரும் இருக்க மாட்டார்கள், கம்பத்துக்குப் பக்கத்து இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். டுரியான் மரத்தடியில் வேண்டாம் என்றதற்கு, இந்த மாதத்தில் அங்கே தன் கோழியைக்கூட விடமாட்டேன் என்றார்.

முப்பது மீட்டர் வயர் வாங்க வேண்டும், தடித்தது. டிரம்மில் சுற்றியபடியே விட்டால் சூடாகிவிடும், முழுக்கப் பிரித்துத்தான் போட வேண்டும். ரசமட்டம் தம்பியிடம் இருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் வைக்கப் பலகை இரண்டு.

மழை பெய்தால் ஈஎல்சிபி, அந்தக் கரண்ட் கசிந்தால் அணைகிற சுவிட்ச், விழுந்துவிடும். அதை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜூலை 13

நர்ஸிடம் சொல்லிவிட்டேன். மெஷின் ஓடாவிட்டால் கையால் மாற்றுகிற மருந்துப் பை ஆறு தனியாகக் கொடுத்தார். என்னை இரண்டு முறை செய்துகாட்டச் சொன்னார். இரண்டாம் முறை கை நடுங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இரவு 9.40. போய்ச் சேர்ந்துவிட்டோம். கெந்திங் செம்பா ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ரவூப் முழுக்க டுரியான் வாசனை. அப்பாவுக்கு ஆகாது, பொட்டாசியம். கண்ணாடியை ஏற்றப் போனேன். "இருக்கட்டும்மா, வாசனைக்கு என்ன" என்றார். கோலா லிப்பிஸ் தாண்டிச் சுண்ணாம்புக் குன்றுகள் தெரிய ஆரம்பித்ததும் பேச்சே இல்லை.

ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறது. மெஷின் ஓடுகிறது. மக்சிக் ரசம் மாதிரி ஏதோ கொண்டுவந்தார், உப்பில்லாமல் வைத்தேன் என்றார்.

ஜூலை 16

1.20. மழை. கரண்ட் போய்விட்டது. மெஷின் கத்தியதும் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். பெட்டியில் 58தான் இருக்கிறது. வழியில் தம்பி சுடுதண்ணி கெட்டிலை மாட்டியிருக்கிறான். அவனை எழுப்பித் திட்டினேன். மழையில் டார்ச்சோடு கம்பத்துக்கு ஓடினான். சுவிட்ச் நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது.

3.05. 44. காற்றாடியை நிறுத்தினேன். அப்பா தூங்குகிறார், நெற்றியெல்லாம் வேர்வை. விசிறிக்கொண்டிருக்கிறேன்.

4.30. 34. மழை விட்டுவிட்டது. தம்பியை அப்படித் திட்டியிருக்கக் கூடாது.

5.40. 27. கடைசி வடிகால். வயிற்றிலிருந்து வடிந்த தண்ணீர்ப் பையைத் தூக்கிப் பழைய பேப்பர் மேல் பிடித்துப் பார்த்தேன், கலங்கியிருந்தால் கிருமி. எழுத்து தெளிவாகத் தெரிகிறது, சின்ன எழுத்துகூட.

தூரத்தில் ரயில் சத்தம். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். குழாயைக் கழற்று, சட்டையை எடு என்கிறார். அந்த வெள்ளைச் சட்டை.