கொழும்பு அடுப்பில் ஆப்ரிகாட்: மோஜு முதல் குபானி வரை

கொழும்பில் ஆப்ரிகாட் என்றால் உலர்ந்த ஆப்ரிகாட்தான். அந்த மரம் காய்க்க, குளிர்காலத்தில் வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நுவரெலியாவில் எப்போதாவது விழும் உறைபனி அதற்குக் காணாது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் சில சமயம் புதுப்பழம் கண்ணில் படும். விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், நஷ்டமில்லை. பாதிக் காயாகப் பறித்து அனுப்பிய பழம் வந்த இடத்தில் நிறம் மாறும், மெத்தென்று ஆகும். இனிப்பு மட்டும் ஏறாது.

தமிழ்நாட்டிலிருந்து வேலை மாற்றலாகி வந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு பிடித்தவர்களுக்கு ஆப்ரிகாட் பெரும்பாலும் இரண்டு வழியில் பழக்கம். ஒன்று ஹைதராபாத் கல்யாண விருந்தில் வரும் குபானி கா மீட்டா, அதாவது உலர் ஆப்ரிகாட்டை வேகவைத்துச் செய்யும் இனிப்பு. மற்றது வளைகுடாவில் இருக்கும் உறவினர் கொண்டுவரும் பெட்டி. இங்கே வந்ததும் அந்தப் பழைய ருசியைத்தான் தேடத் தோன்றும். தேடலாம், செய்முறையும் கீழே இருக்கிறது. ஆனால் கொழும்புச் சமையலில் இனிப்பும் புளிப்பும் கலந்த ஐட்டங்கள் ஏற்கெனவே ஊறிக் கிடக்கின்றன: ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் மோஜு, இங்குள்ள மலாய்க்காரர்களின் காய்கறி ஊறுகாயான மலாய் அச்சாறு, மஞ்சள் சோறு. ஆப்ரிகாட் இவற்றில்தான் எடுப்பாக நிற்கும் என்பது எங்கள் கட்சி. அதை இனிப்புப் பண்டம் என்று நினைக்காமல், சீனி கலந்த ஒரு புளி என்று நினைத்தால் பாதிச் சமையல் தானாக விளங்கிவிடும்.

முதலில் வாங்குவது. சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் துருக்கிப் பழம். அந்த நாட்டின் மலாத்யா மாகாணம்தான் உலர் ஆப்ரிகாட்டுக்குப் பேர்போன இடம். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், கொட்டை எடுத்து, மெத்தென்று இருக்கும். அந்த நிறம் தானாக நிற்பதில்லை. சல்பர் டை ஆக்சைடு புகை காட்டியதால் நிற்பது. பாக்கெட்டின் பின்பக்கம் இ220 என்று போட்டிருக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இதைக் கவனியுங்கள், சல்ஃபைட் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். புகை காட்டாத வகை காப்பிப்பொடி நிறத்தில், ஒட்டிக்கொண்டு, பார்க்க அழுக்காக இருக்கும். ருசியில் வெல்லப்பாகின் சாயல் உண்டு. நிறத்தைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று ஒதுக்காதீர்கள்.

நிறைய வேண்டுமென்றால் மொத்தக் கடைகள் நிறைந்த புறக்கோட்டைக்குப் போவது நல்லது. நோன்புக் காலத்துக்குச் சற்று முன்பும், டிசம்பர் கேக் சீசனிலும் சரக்கு புதிதாக ஓடும். மற்ற மாதங்களில் மூட்டையில் எத்தனை நாள் இருந்ததோ தெரியாது. ஒன்றை எடுத்து அழுத்திப் பாருங்கள். வளைந்தால் சரி, தோல்வார் மாதிரி விறைத்தால் வேண்டாம். “அக்கா, கொட்டை எடுத்ததோ, கொட்டையோடயோ?” என்று கடைக்காரர் கேட்டால் யோசிக்காமல் ஓம் என்று தலையாட்டிவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு வேலைக்கு. கொட்டையோடு இருக்கும் சின்ன, சுருங்கிய, கெட்டியான பழுப்பு வகைதான் ஹைதராபாத் குபானி. அது இங்கே எப்போதும் அகப்படும் என்று நம்ப முடியாது.

வாங்கி வந்ததும் அலமாரியில் வைத்துவிட்டு மறந்தால் கொழும்பின் ஈரக்காற்று வேலையைக் காட்டிவிடும். மெத்தென்ற வகையில் ஈரப்பதம் ஏற்கெனவே கூடுதல். பிரித்த பாக்கெட்டை வெளியே வைத்தால் மழைக்காலத்தில் புளித்த வாடை வரும், பிறகு பூஞ்சை. காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கால் கிலோவுக்கு மேல் என்றால் பாதியை ஃப்ரீசரில். மூட்டையிலிருந்து வாங்கியதை முதல் 4 நாள் ஃப்ரீசரில் போட்டு எடுத்தால் பூச்சி முட்டை இருந்தாலும் செத்துவிடும். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதெல்லாம் பூஞ்சையல்ல. ஒரு பழத்தை வெந்நீரில் போடுங்கள். கரைந்தால் அது பழத்தின் சர்க்கரை. நார் நாராக நின்றாலோ மண்வாடை அடித்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊறவைப்பதிலும் ஒரு சின்ன ஒழுங்கு. ஆரஞ்சு வகையை வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் அலசி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கந்தக நெடி கொஞ்சம் குறையும். இரண்டாவது தண்ணீரைக் கொட்டக் கூடாது, ருசி அதில்தான் இறங்கியிருக்கும்.

இனி மோஜு. இங்கே வீட்டுக்கு வீடு செய்யும் கத்தரிக்காய் மோஜுவில் பொரித்த கத்தரிக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அரைத்த கடுகு, வினாகிரி (வினிகர்), சீனி இருக்கும். அந்தச் சீனியின் இடத்தில்தான் ஆப்ரிகாட். அரை கிலோ கத்தரிக்காய்க்கு 5 பழம், ஏறக்குறைய 40 கிராம், தாராளம். 3 மேசைக்கரண்டி தேங்காய் வினாகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். போத்தலில் செயற்கை வினாகிரி என்று போட்டிருந்தால் 2 மேசைக்கரண்டியும் 1 கரண்டி தண்ணீரும் போதும், அது நாக்கில் வெட்டும்.

கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் முக்கால் தேக்கரண்டி உப்பும் பிசறி 15 நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓரம் சிவக்கும் வரை பொரிக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும், கத்தரிக்காய் அத்தனை எண்ணெயையும் குடித்துவிட்டுச் சொதசொதவென்று கிடக்கும். பொரித்ததைச் சல்லடையில் கால் மணி நேரம் வடியவிட்டு, அதே எண்ணெயில் 150 கிராம் சின்ன வெங்காயத்தையும் கீறிய 6 பச்சை மிளகாயையும் தோல் சுருங்கும் வரை மட்டும் வதக்கி எடுங்கள்.

கடுகு அரைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1 தேக்கரண்டி கடுகை வினாகிரி சேர்த்து அரைத்தால் காரம் எழாமல் மந்தமாக இருக்கும், ஏனென்றால் கடுகின் நெடியைக் கிளப்பும் நொதியைப் புளிப்பு அமுக்கிவிடுகிறது. முதலில் 1 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அரைத்து, 5 நிமிடம் விட்டு, மூக்கில் ஏறும் நெடி வந்த பிறகு, 3 பல் பூண்டு, சுண்டுவிரல் நீள இஞ்சி, ஊறிய பழத்தில் 3, வினாகிரி எல்லாம் சேர்த்து ஒரு சுற்று விடுங்கள். மிக்ஸியை நெடுநேரம் ஓட்டினால் கடுகு கசக்கும். மிச்ச 2 பழத்தை மெல்லிய கீற்றாக நறுக்கி வையுங்கள். அரைத்த விழுதில் 1 தேக்கரண்டி மிளகாய்த்தூள் கலந்து, சின்னத் தீயில் 2 நிமிடம் சூடேற்றி, அடுப்பை அணைத்த பிறகே கத்தரிக்காயும் வெங்காயமும் பழக் கீற்றும் போட்டுப் புரட்ட வேண்டும். அடுப்பில் வைத்துக் கிண்டினால் குழைந்துவிடும். அன்றே சாப்பிட்டால் வினாகிரி தனியாக, இனிப்பு தனியாகத் தெரியும். மறுநாள் சோற்றுக்கும் பருப்புக்கும் தொட்டுக்கொள்ளும்போதுதான் அது மோஜு. சுத்தமான கரண்டி போட்டால் ஃப்ரிட்ஜில் 5 நாள் நிற்கும்.

மலாய் அச்சாறில் பேரீச்சம்பழம் சேர்ப்பவர்கள் உண்டு. அதில் பாதியை ஆப்ரிகாட்டாக மாற்றிக்கொள்ளலாம், மற்றபடி ஒன்றும் மாறாது.

அடுத்தது இறைச்சி. பார்சிக்காரர்களின் ஜர்தாலு கறிதான் இதற்கு வழிகாட்டி: ஆட்டிறைச்சி, காய்ந்த மிளகாய், கொஞ்சம் வினாகிரி, ஆப்ரிகாட், மேலே நூல் மாதிரி பொரித்த உருளைக்கிழங்கு. முக்கால் கிலோ ஆட்டிறைச்சிக்கு கால் கிலோ வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது 3 மேசைக்கரண்டி, வெந்நீரில் ஊறிய 8 செத்தல் மிளகாயோடு 1 தேக்கரண்டி சீரகம் சேர்த்து அரைத்தது, 4 ஏலக்காய், 4 கராம்பு. கறுவா கொஞ்சம் தாராளமாகவே வேண்டும். சென்னையில் நாம் போட்டுப் பழகிய தடித்த பட்டை வேறு, இங்கே சுருள் சுருளாகக் கிடைக்கும் மெல்லிய கறுவா வேறு. இது மென்மையானது, 2 அங்குலத் துண்டு போடலாம். கடையில் விற்கும் வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூளை இந்தக் கறியில் சேர்க்க வேண்டாம். அது நண்டுக்கும் கணவாய்க்கும் அமிர்தம்தான், ஆனால் வறுத்த கசப்பும் பழத்தின் புளிப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மசாலாவும் இறைச்சியும் சேர்த்துப் புரட்டி, 300 மி.லி. தண்ணீரும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் குக்கரில் முக்கால் பதம் வேகவையுங்கள். பழத்தைக் குக்கருக்குள் போடவே கூடாது. கரைந்து, அதன் சர்க்கரை அடியில் படிந்து தீய்ந்து, மேலே இருப்பது ஜாம் மாதிரி ஆகிவிடும். மூடியைத் திறந்த பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறிய 150 கிராம், அதாவது 18, 20 பழத்தை ஊறிய தண்ணீரோடு சேர்த்து, ஒன்றரை மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, மூடாமல் 12 நிமிடம் கொதிக்க விட்டால் போதும். பழம் உருக்குலையாமல், அழுத்தினால் மசிகிற பதத்தில் இருக்க வேண்டும். துருக்கிப் பழத்தில் இனிப்பு தூக்கல். ருசி பார்க்கும்போது இனிப்பு முந்தினால் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அரைத் தேக்கரண்டி வினாகிரியும் சிட்டிகை உப்பும்தான் மருந்து. கோழியிலும் செய்யலாம், தொடைத் துண்டாக இருந்தால் நல்லது.

தேங்காய்ப்பால் இல்லாமல் கொழும்பில் கறியா என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், அடுப்பை அணைத்த பிறகு கால் கப் முதற்பால் விட்டுக் கலக்குங்கள். விட்ட பிறகு கொதிக்கக் கூடாது, புளிப்பு அதைத் திரித்துவிடும்.

மஞ்சள் சோற்றுக்கும் நெய்ச்சோற்றுக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திராட்சை போடும் இடத்தில் பழத்தை நான்காக நறுக்கி, நெய்யில் சின்னத் தீயில் அரை நிமிடம் புரட்டி, கஜுவோடு (முந்திரி) கடைசியில் தூவ வேண்டும். கீரிச் சம்பா அரிசி சின்னதாக இருப்பதால் பழத்தையும் சின்னதாக நறுக்கினால்தான் பொருந்தும்.

குபானி கா மீட்டாவுக்கு முடிந்தால் பழுப்பு வகையையே வாங்குங்கள். ஆரஞ்சு வகையில் செய்தால் நிறமும் ருசியும் ஜாம் பாட்டிலை ஞாபகப்படுத்தும். கொட்டை எடுத்தது என்றால் 250 கிராம், கொட்டையோடு என்றால் 350. 600 மி.லி. தண்ணீரில், கொட்டை எடுத்ததை 3 மணி நேரமும், கொட்டையோடு உள்ளதை இரவு முழுக்கவும் ஊறவிட்டு, அதே தண்ணீரில் 25 நிமிடம் சின்னத் தீயில் வேகவைக்க வேண்டும். பழம் குழைந்த பிறகுதான் சீனி. முன்னாலேயே போட்டால் பழம் இறுகிக்கொள்ளும், எவ்வளவு கொதித்தாலும் தோல் நாக்கில் தட்டும். 60 கிராமில் ஆரம்பித்து ருசி பார்த்துக் கூட்டுங்கள். பாதியை மசித்து, பாதியை முழுசாக விட்டு, 1 தேக்கரண்டி தேசிக்காய் (எலுமிச்சை)ச் சாறு பிழிந்து இறக்கலாம். ஹைதராபாத்தில் பாலாடை ஊற்றுவார்கள். இங்கே அதைவிட நல்லது மண்சட்டியில் வரும் எருமைத் தயிர். ஒரு மணி நேரம் துணியில் வடிகட்டி, இரண்டும் நன்றாகக் குளிர்ந்த பிறகு மேலே வைக்க வேண்டும். கித்துள் பனையின் பாகான கித்துள் பாணியும் ஊற்ற ஆசை வரும், அதன் புகைமணம் பழத்தை மூழ்கடித்துவிடும், வேண்டாம்.

கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை மேலே தூவுவது வழக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும். பாதாம் மாதிரி இனித்தால் சரி. கசந்தால் துப்பிவிட்டு அதை எறிந்துவிடுங்கள். கசப்புக்குக் காரணமான அமிக்டலின் வயிற்றுக்குள் போய் சயனைடை விடுகிறது. குழந்தைகளுக்கு இந்தப் பருப்பே வேண்டாம், பாதாமைத் தூவிவிட்டுப் போங்கள்.

பாயசத்தில் போடுகிறவர்கள் கொதிக்கும் பாலில் பழத்தைப் போட்டுப் பால் திரிந்து போய் நிற்பதுண்டு. பழத்தைத் தனியாக வேகவைத்து ஆறவிட்டு, பாயசமும் ஆறிய பிறகு சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பத்திலும் விழுதாகக் கலக்காமல், பரிமாறும்போது பக்கத்தில் ஒரு கரண்டி வைப்பதே மரியாதை.

டிசம்பரில் ரவையும் கஜுவும் போட்டுச் செய்யும் இங்கத்திய கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஆப்ரிகாட்டும் நறுக்கிப் போடலாம். பிராந்தி புழங்காத வீட்டில் பழத்தைச் சாயத் தேநீரில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், ஊறவையுங்கள்: 300 மி.லி. கொதிநீரில் 2 தேக்கரண்டி தேயிலை, 4 நிமிடத்தில் வடிகட்டி, சூடாகவே 200 கிராம் பழத்தின் மேல் ஊற்றி 40 நிமிடம். தேயிலையின் துவர்ப்பு பழத்தின் திகட்டலை வெட்டும். கேக்கில் போடுமுன் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு போனால் பழத்தைச் சுற்றி மாவு வேகாமல் நிற்கும். மிஞ்சிய தேநீரில் தேசிக்காய் பிழிந்து ஐஸ் போட்டுக் குடிக்கலாம், சீனி தேவைப்படாது.