மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டி

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மேற்குப் பக்கம் ஒரு பெரிய மாமரம் நின்றவரை அந்த அறைக்குத் திரை என்ற பேச்சே எழவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அந்த மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த சித்திரையில்தான் மரம் எவ்வளவு வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. மூன்று மணிக்கு மேல் அறைக்குள் உட்கார முடியாது. பழைய போர்வையை ஆணியில் மாட்டியே சில வருடங்களை ஓட்டினோம்.

போன மாசியில் ஒரு வழியாக ரோலர் பிளைண்ட், அதாவது குழாயில் சுருட்டி ஏற்றுகிற துணித் திரை, வாங்குவது என்று முடிவுசெய்து, அளவு எடுத்து இணையத்தில் ஆர்டர் போட்டேன். முதல் தப்பு அங்கேயே. கைக்கு எட்டிய கீழ்ப்பக்கத்தை மட்டும் அளந்தேன், 121 சென்டிமீட்டர். பழைய சுவர், பூச்சு ஒரே சீராக இருக்காது. மேலே 120 தான். சுவரின் கனத்துக்குள், ஜன்னலை ஒட்டினாற்போல மாட்டலாம் என்று நினைத்த குழாய் உள்ளேயே நுழையவில்லை. மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சின்ன அளவைத்தான் கொடுக்க வேண்டும். சுவருக்கு வெளியே மாட்டுவதானால் இந்தக் கவலை இல்லை, இரண்டு பக்கமும் கூடுதலாக விட்டால் போதும்.

சரி, ஜன்னலுக்கு மேலே சுவரிலேயே மாட்டிவிடுவோம் என்று டிரில்லை எடுத்தேன். 6 மில்லிமீட்டர் பிட். பிட் உள்ளே போனதும் செங்கல் பொடியும் சுண்ணாம்பும் பொலபொலவென்று கொட்டின. பிளாஸ்டிக் பிளக்கைச் செருகினால் விரலாலேயே இழுத்துவிடலாம். இன்னொரு இடத்தில் போட்டேன், அதுவும் அப்படியே. மூன்றாவது ஓட்டைக்குள் என் கட்டைவிரலே போனது.

எதிர்வீட்டுக் கொத்தனார் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இது சுண்ணாம்புக் காரைச் சுவரு. இதுல பிளக்கு நிக்காது. கட்டை அடிங்க.”

ஆசாரியிடம் தேக்குத் துண்டு இரண்டு வாங்கி, உள்ளே போகிற பக்கம் கொஞ்சம் அகலமாக இருக்கும்படி சீவினேன். ஓட்டையை அதற்கேற்பப் பெரிதாக்கி, தண்ணீர் தெளித்து, சிமென்ட் கலவை வைத்துக் கட்டையைப் பதித்தேன். மூன்று நாள் தொடவில்லை. அப்புறம் அதில் திருகாணி போட்டது, இன்றுவரை அசையவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன், இருந்தாலும் சுருட்டும்போது துணி இடப்பக்கமாக ஓடியது. அதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு. துணியை முழுக்க இறக்கிவிட்டு, குழாயின் வலது ஓரத்தில் டேப்பை ஒரு துண்டு ஒட்ட வேண்டும். அந்தப் பக்கம் குழாய் கொஞ்சம் தடித்ததும் துணி நேராகிவிடுகிறது. இரண்டு துண்டு தேவைப்பட்டது.

பங்குனி வெயிலில் பரீட்சை. அறை இருட்டானது, சூடு குறையவில்லை. துணிக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டால் அடுப்பு வாய் மாதிரி இருந்தது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் துணியைச் சூடாக்குகிறது, துணி அறையைச் சூடாக்குகிறது. அம்மா இதையெல்லாம் யோசிக்காமலே சொன்னார்: “ஏன்டா, வெயிலு உள்ள வந்தப்புறம் மறைச்சு என்ன பண்றது? வெளியில ஒரு தட்டியக் கட்டு.” செலவு செய்த பிறகு இதைக் கேட்பது கொஞ்சம் எரிச்சல்தான்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கொள்ளிடத்துக்கு முன்னால் தைக்காலில் வண்டியை நிறுத்தினேன். பிரம்பு நாற்காலியும் ஊஞ்சலும் பாயுமாக ரோட்டோரம் பூராவும் கடைகள். மூங்கில் ஸ்கிரீன் ஒன்று வாங்கினேன், ஐந்தடிக்கு ஐந்தடி. ஜன்னல் நான்கடி, ஆக இரண்டு பக்கமும் அரை அடி அதிகம். சாயங்கால வெயில் பக்கவாட்டில்தானே நுழையும்.

மாட்டுவதற்கு முன் வெறும் மூங்கிலாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் ஆசிடும் கரைத்த தண்ணீரை இரண்டு தடவை தூரிகையால் பூசி, நிழலில் காயவைத்தேன். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. அதனால்தான் வெட்டிய மூங்கிலை அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டார்கள். மருந்து காய்ந்த பிறகு வார்னிஷ் ஒரு கை. முதலில் வார்னிஷ் அடித்துவிட்டால் மருந்து இறங்காது. சன்ஷேடு பிற்பாடு போட்ட கான்கிரீட் என்பதால் அதில் கொக்கி மாட்டுவது பத்து நிமிட வேலை.

அன்றைக்குச் சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. நாலு மணிக்குக் கண்ணாடியைத் தொட்டால் சுடவில்லை.

ஆடி வந்ததும் அடுத்த பாடு. மேல்காற்று நேராக இந்த ஜன்னலில்தான் மோதுகிறது. ராத்திரி முழுக்கத் தட்டி சுவரில் படார் படாரென்று அடித்து, கீழ்ச்சட்டத்தில் ஒரு பட்டை உடைந்தது. இப்போது கீழேயும் இரண்டு கொக்கி, காற்றுக் காலத்தில் இழுத்துக் கட்டிவிடுகிறேன். ஐப்பசி மழையில் ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டு மறந்தேன், பத்து நாளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. சோப்புத் தண்ணீரில் தேய்த்ததில் பாதிதான் போனது. நனைந்தால் தொங்கவிட்டே காயவைக்க வேண்டும்.

பொங்கலுக்குத் தங்கை குடும்பம் வந்திருந்தது. அவள் மகள் ரோலரின் மணிச்சங்கிலியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு விளையாடியதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்கே சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப் போட்டேன். வெளித்தட்டியின் கயிற்றைச் சுற்றிக்கட்டும் கொக்கியையும் ஐந்தடி உயரத்துக்கு ஏற்றினேன். குழந்தை இருக்கிற வீட்டில் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அதன் பிறகு சம்பா அறுவடை. எங்கள் பக்கம் மெஷின் இறங்கிவிட்டால் சுணை, நெல்லில் இருக்கிற மெல்லிய முள், ஊரெல்லாம் பறக்கும். பட்டைகளுக்கு நடுவில் அது சிக்கினால் தொட்டவர் கையெல்லாம் அரிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே போய் ஒட்டுகிறது. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டிவிடுவதுதான் சரிப்படுகிறது. ரோலர் துணிக்கும் உலர்ந்த பிரஷ்தான், கறை பட்ட இடத்தில் மட்டும் நன்றாகப் பிழிந்த துணி.

இப்போது நிலவரம்: மாசிக் குளிரில் ஒரு வாரம் தட்டியை இறக்காமல் சுருட்டியே விட்டிருந்தேன். அவிழ்க்கப் போனால் சுருளுக்குள் பஞ்சும் தேங்காய் நாருமாக ஒரு அணில் கூடு, உள்ளே மூன்று குட்டிகள். பட்டைகளைக் கட்டிய நூலையும் பாதி உருவிக் கூட்டுக்குச் சேர்த்திருக்கிறது. அதுகள் ஓடித் திரிகிறவரை யாரும் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதுவரை உள்ளே இருக்கிற ரோலர்தான்.